முர்டோ வீட்டு சூப்

ஃபெர்கஸ் பிறந்து வளர்ந்ததெல்லாம் கிளாஸ்கோவில்தான். ஆனாலும் பூர்வீகம் லூயிஸ் தீவு என்பதால், அங்கே போகும் கப்பலில் மூன்று தரம் வாந்தியெடுத்ததற்கு நடுவிலும் "எங்க ஊரு, எங்க ஜனம்" என்று மனைவி ஷோனாவின் காதைத் துளைத்துக்கொண்டே வந்தான்.

விடுமுறைக்கு வாடகை பேசியிருந்த கடலோர வீடு இதுதான் என்று ஃபெர்கஸ் காட்டிய வீடு பூட்டாமல் கிடந்தது. உள்ளே கணப்பு எரிந்தது, அடுப்பில் ஆட்டுக்கறி சூப் கொதித்தது.

"பாத்தியா, நமக்காகச் சமைச்சே வச்சிருக்காங்க!"

"எதுக்கும் விலாசத்தை ஒரு தடவை பாரேன்."

"எங்க ஊர்ல எனக்கே வழி சொல்றியா?" என்று கிண்ணத்தை நிரப்பிக்கொண்டான்.

அவன் மூன்றாவது கிண்ணத்தில் இருந்தபோது, நனைந்த மீனவர் ஒருவர் உள்ளே வந்து ஓரமாக உட்கார்ந்தார். பெயர் முர்டோ என்றார். வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஆள் போலும் என்று ஃபெர்கஸ் அவருக்குத் தாராளமாக டீ போட்டுக் கொடுத்தான். சூப்பில் உப்பு கம்மி, நாற்காலி ஆடுகிறது என்று குறையும் சொன்னான்.

"ஆமா தம்பி, சரி பண்ணணும்," என்றார் முர்டோ.

ஷோனாவுக்கு ஏதோ உறுத்தியது. "நீங்க சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா. நீங்க முடிங்க, அவசரமில்ல."

"உங்க வீடு எங்க இருக்கு?"

முர்டோ நெளிந்தார். "இதுதாம்மா. உங்களுக்குப் பேசினது அடுத்த வீடு, நீலக் கதவு. சாப்பிட்டுக்கிட்டிருக்கிறவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

ஃபெர்கஸின் கரண்டி பாதியில் நின்றது.

"உன் ஜனம் பட்டினியா உக்காந்திருக்கு," என்றாள் ஷோனா. "பானையில ஏதாவது மிச்சம் வச்சியா?"

எட்டிப் பார்த்தான். வழித்தெடுத்த பானையின் அடியில், அசடு வழியும் ஒரு கிளாஸ்கோக்காரன் மூஞ்சிதான் தெரிந்தது.