முப்பத்தாறாயிரம் கழிவு

ஜெயகௌரியைக் கண்டாலே எனக்கு வயிறெரியும். ஒளிக்க என்ன இருக்கிறது?

கொடிகாமத்தில் ஒரே தையல்கடையில் ஆறு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து மெசினில் தைக்கிறோம். சம்பளமும் ஒன்றுதான். நான் மத்தியானம் கடைச் சோறு எடுப்பேன்; அவள் வீட்டுப் புட்டைத் திறப்பாள். நான் தவணைக்கு ஸ்கூட்டி எடுத்தேன். அவள் மிருசுவிலில் இருந்து சைக்கிளில் வருவாள். "கசவாரம், சேர்க்கிற காசைச் செத்தால் கட்டிக்கொண்டு போகப்போறாளோ?" என்று முதலில் சிரித்தவள் நான்தான்.

அந்தக் கசவாரம் வேலையை விடப்போகிறதாம். சொந்த மெசின் வாங்கி வீட்டிலேயே தைக்கப்போகிறதாம். முதலாளியிடம் ஏச்சு வாங்காத வாழ்க்கை! அது நான் கண்ட கனவு.

என் ஒரே சேமிப்பு, அற்புதராணி அக்கா தாச்சியாக நின்று நடத்தும் சீட்டு. பத்துப் பெண்கள், மாதம் பத்தாயிரம். சேரும் லட்சத்தில் அதிகக் கழிவு விட்டுக்கொடுப்பதாகத் துண்டில் எழுதுகிறவளுக்கு அந்த மாதச் சீட்டு. கழிவுக் காசை மற்ற ஒன்பது பேரும் பிரித்துக்கொள்வார்கள். பொறுத்திருந்து கடைசியில் எடுத்தால் லட்சம் முழுதாக வரும், எனக்கும் ஒரு மெசின் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஜெயகௌரியும் அதில் இருந்தாள். மெசினுக்காக இந்த மூன்றாம் மாதச் சீட்டை எடுக்கப்போகிறாள் என்று நானே முடிவுகட்டினேன். எடுக்க விடுவேனா?

ஞாயிற்றுக்கிழமை துண்டு எழுதினோம். பத்தாயிரத்துக்கு மேல் வழக்கமாக ஒருத்தியும் எழுதுவதில்லை. நான் முப்பத்தாறாயிரம் எழுதினேன்.

அக்கா ஒவ்வொன்றாகப் பிரித்தார். எட்டாயிரம். ஒன்பதாயிரம். அடுத்ததில் எழுத்தே இல்லை.

"உது ஆற்றை வெறுந்துண்டு, பிள்ளையள்?"

"என்ரை, அக்கா," என்றாள் ஜெயகௌரி. "நான் கடைசியாய் எடுக்கிறன்."

"அப்ப மெசின்?" என்று என் வாய் கேட்டுவிட்டது.

"அதுக்குப் போன மாசமே காசு கட்டிப்போட்டன், ரஞ்சினியக்கா. வங்கியிலை சேர்த்து வைச்சிருந்தனான்."

கடைசியாக என் துண்டு. அக்கா அதை இரண்டு தரம் வாசித்தார். என் கைக்கு அறுபத்துநாலாயிரம்; மற்றவர்களுக்கு ஆளுக்கு நாலாயிரம். ஜெயகௌரிக்கும் நாலாயிரம்! இந்தக் காசுக்கு மெசின் வராது. இன்னும் ஏழு மாதம் சீட்டு மட்டும் கட்டவேண்டும்.

வாசலில் ஜெயகௌரி என் கையைப் பிடித்தாள்.

"வீட்டிலை ஏதும் அவசரமோ, அக்கா? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் தந்திருப்பனே."

அவள் முகத்தில் கள்ளமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

"ஓம், அவசரம்தான்," என்றேன்.

அடுத்த மாதம் அவள் வேலையை விட்டாள். முதலாளி அவள் பாதியில் விட்ட சட்டைகளை அள்ளிக்கொண்டுவந்து என் மெசினடியில் போட்டார்.

கட்டவேண்டிய சீட்டை எண்ணிக்கொண்டே முதல் சட்டையை எடுத்து மெசினில் வைத்தேன்.