ரத்தினம்மாவின் கேள்வி

இடது கையை நீட்டச் சொன்னால் ரத்தினம்மா வலது கையை நீட்டினாள். வலது கையைப் பிடித்தால், "வலிக்குது, விடு" என்றாள். ரவிக்கையை விரித்துப் பிடித்தபடி கட்டிலுக்கு எதிரே மண்டி போட்டிருந்த மகள் நிரஞ்சனாவுக்குக் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. நான்கு மாடிக்குக் கீழே, புளோக்கின் திறந்த தரைத்தளமான வாய்ட் டெக்கில், அவளுடைய அப்பா முத்துசாமி பெட்டிக்குள் படுத்திருந்தார்.

"உங்கப்பா எங்க?" என்று கேட்டாள் ரத்தினம்மா.

நேற்றுக் காலையிலிருந்து இதே கேள்விதான். குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்த முத்துசாமி, உட்கார்ந்தபடியே போய்விட்டார். பழைய இதய நோயாளி. டாக்டர் வந்து பார்த்துச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். எல்லாம் ரத்தினம்மாவின் கண்ணெதிரே நடந்ததுதான். அவர் தலை ஈரமாக இருக்கிறதே என்று அவள்தான் துவட்டிவிட்டாள். ஆனால் மறதி நோய் வந்த பிறகு அவளிடம் எதுவும் அரை மணி நேரம் தங்குவதில்லை.

முத்துசாமி இருந்தவரை இந்தக் கேள்வி யாரையும் படுத்தியதில்லை. அவர் பக்கத்தில் இருக்கும்போதே, "அவரு எங்க?" என்று அவரிடமே கேட்பாள். குவீன்ஸ்டவுன் நீச்சல் குளத்தில் ஆயுசுக்கும் லைஃப்கார்டாக வேலை பார்த்த மனிதர், பேட்டைப் பிள்ளைகளையெல்லாம் சத்தம் போட்டே கரையேற்றியவர். "ஏய், இங்கதான் இருக்கேன்" என்று அதே குரலில் ஒரு போடு போடுவார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அதோடு முடிந்தது.

இப்போது அதே கேள்விக்கு வீட்டில் இரண்டு பதில்கள் இருந்தன. தம்பி ரஞ்சனும் அத்தை பாப்பம்மாளும், "பசாருக்குப் போயிருக்காரு" என்றார்கள். சொல்வதற்குச் சுலபம். ஆனால் ரத்தினம்மா அதை நம்பித் தொலைத்தாள். வாசல் கதவையே பார்த்துக்கொண்டு, அவர் வந்தால்தான் சாப்பிடுவேன், அவர் வந்தால்தான் மாத்திரை போடுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

நிரஞ்சனா உண்மையைச் சொன்னாள். நேற்று மட்டும் மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் ரத்தினம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். "எனக்கு ஏன் யாருமே சொல்லல?" என்று கேட்டாள். கடைசித் தடவை ரஞ்சன் அக்காவின் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"என்னக்கா பிடிவாதம் உனக்கு? ஒரு மனுஷனை அவங்களுக்கு எத்தனை தடவை சாகடிப்பே?"

"நீ பொய் சொன்னா விடிய விடியக் காத்துக்கிட்டு இருக்காங்க. அது மட்டும் நல்லதா?"

"காத்திருந்தா வலிக்காது லா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

இன்றைக்கு நிரஞ்சனா ஒரு முடிவோடு இருந்தாள். அம்மாவைக் கீழே அழைத்துப்போய் அப்பாவைக் காட்டிவிட வேண்டும். மேலேயே இருக்கட்டும், எதற்கு வீண் வேதனை என்றார்கள் மற்ற இருவரும். நேற்றே பார்த்ததுதானே என்றான் ரஞ்சன். நேற்று அவர் தூங்குகிறார் என்று அம்மா நினைத்திருப்பாள், மாலையையும் விளக்கையும் பெட்டியையும் பார்த்தால் மனசில் நிற்கும் என்றாள் நிரஞ்சனா. நாளை முதல் அம்மா அவள் வீட்டில்தான் இருக்கப் போகிறாள். கேள்வியும் கூடவே வரும். இன்றே அதற்கு ஒரு பதிலை உறுதியாக ஊன்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அவளுக்குத் தன்னம்பிக்கைக்குக் குறைச்சலில்லை. கேள்வி பதில்தான் அவள் பிழைப்பே. ஊரில் எல்லாம் கைப்பேசிக்குள் வந்துவிட்டாலும், அவள் வேலை பார்க்கும் வங்கியின் கணக்கு வழக்கு முழுவதும் இன்னும் மெயின்ஃபிரேம் என்கிற பெரிய கம்ப்யூட்டரில்தான் ஓடுகிறது. அதில் வரிசையாக ஓடும் ஒவ்வொரு வேலையும் ஒரு ஜாப். ஒன்று நடுவில் நின்றுபோனால் காவலிருக்கும் ஆபரேட்டர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். அவர்கள் சாதாரணப் பேச்சில் கேட்டால் சாதாரணப் பேச்சிலேயே பதில் சொல்லும் ஒரு ஏஐ உதவியாளரை நிரஞ்சனா உருவாக்கியிருந்தாள். வங்கி அதற்கு வைத்த நீளமான பெயர் யார் நினைவிலும் இல்லை. டீமில் எல்லோருக்கும் அது தம்பி. சீனரும் மலாய்க்காரரும்கூட, தம்பியைக் கேளு லா என்பார்கள்.

தம்பிக்கு அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. கேட்டவருக்கு நேரான பதில். மழுப்பக் கூடாது, இட்டுக்கட்டக் கூடாது. தம்பியும் நன்றாகவே தேறினான்.

தேறுவதற்கு முன்னால் கொஞ்சம் படுத்தினான் என்பதும் நிஜம். ஆபரேட்டர்கள் வாயில் ஜாப் நிற்பதில்லை, சாகும். ஜாப் செத்துவிட்டது என்று முதல் நாள் ஒருவர் தட்டியதற்குத் தம்பி ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்து, மனநல ஆலோசனைக்குத் தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டான். ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. நிரஞ்சனா உட்கார்ந்து அவனைத் திருத்தினாள். இங்கே செத்தது என்றால் ஜாப்தான். எந்த ஜாப் என்று கேள், மறுபடி ஓட்டட்டுமா என்று கேள், ஒப்பாரி வைக்காதே.

அந்தத் திருத்தம் நேற்று அவள் தலையிலேயே வந்து விழுந்தது. அப்பா இறந்துவிட்டார், இன்றைக்கு வரமாட்டேன் என்று டீமின் சாட் குழுவில் அவள் இரண்டு வரி போட்டாள். மனிதர்கள் யாரும் பார்ப்பதற்கு முன்பே தம்பி பார்த்துவிட்டான். 'அப்பா' என்ற பெயரில் ஜாப் எதுவும் இல்லை, பெயரைச் சரிபாருங்கள், மறுபடி ஓட்டட்டுமா என்று கேட்டான். அடியில் ஆம், வேண்டாம் என்று இரண்டு பொத்தான்கள். அவள் 'ஆம்' மேல் விரலைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு நின்றாள். அழுத்திவிட வேண்டும் போல அத்தனை ஆசையாக இருந்தது. அதற்குள் யாரோ அதை அழித்துவிட்டார்கள்.

"உள்ள வரலாமா?"

ஆபரேட்டர்களுக்குத் தலைவியான ஃபஸீலா அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே வந்து, ரத்தினம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்கையை மெதுவாகப் பிடித்து மடக்கினாள். கை ரவிக்கைக்குள் தானாகப் போய்விட்டது.

"நிரா, நேத்து அந்த மெசேஜ்... பார்த்த உடனே நாந்தான் அழிச்சேன். டீமே கூனிக் குறுகிப் போச்சு. உன் மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு பாதிப் பேரு கீழயே நிக்கிறாங்க."

"அவன் என்ன பண்ணுவான்? அப்படிக் கேளுன்னு சொல்லிக் குடுத்ததே நாந்தானே" என்று சொல்லும்போதே நிரஞ்சனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஃபஸீலாவும் சிரித்துவிட்டு அவசரமாக வாயைப் பொத்திக்கொண்டாள். இழவு வீட்டில் இதென்ன கூத்து என்று பாப்பம்மாள் அத்தை வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஆபீஸ் கவலை உனக்கு வேணாம்" என்றாள் ஃபஸீலா. "நேத்துப் பூரா தம்பி ஒத்த ஆளா சமாளிச்சிட்டான்."

"எங்க சமாளிச்சான்?" என்றாள் அத்தை. "பெட்டிக்காரங்கிட்ட பேசுறதுக்கே ரஞ்சனுக்கு வாய் வரல. எல்லாம் நாந்தான் பேசினேன்."

யாரும் அவளைத் திருத்தவில்லை.

நிரஞ்சனா அம்மாவுக்குப் புடவையைச் சுற்றினாள். ரத்தினம்மா சமர்த்தாகக் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"எங்க போறோம்?"

"அப்பாவைப் பார்க்க."

"அப்பப் பூ வச்சு விடு."

தேக்கா சந்தையிலிருந்து அத்தை வாங்கி வந்த மல்லிகை கிண்ணத்தில் இருந்தது. அத்தை அதை எடுத்தாள். "நான் வைக்கிறேன், தள்ளு" என்றாள். வைத்து முடித்ததும் விடுவிடுவென்று அடுப்படிக்குப் போய்விட்டாள். ரத்தினம்மா தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். லிஃப்டில் இறங்கும்போது சந்தோஷமாகவே இருந்தாள்.

கீழே பத்துப் பன்னிரண்டு வரிசையில் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நீச்சல் குளத்துப் பழைய ஆட்கள், பக்கத்து வீட்டுச் சீனத் தம்பதி, வங்கிக்காரர்கள் என்று நல்ல கூட்டம். ரத்தினம்மாவைப் பார்த்ததும் பேச்சு அடங்கி, கூட்டம் தானாக வழி விட்டது. ரஞ்சன் பெட்டியின் மறுபக்கம் வந்து நின்றான். வேண்டாம் என்று இன்னும் அவன் கண் சொல்லிக்கொண்டிருந்தது. நிரஞ்சனா கண்டுகொள்ளவில்லை.

ரத்தினம்மா பெட்டியை எட்டிப் பார்த்தாள். மாலையை ஒதுக்கி, சட்டைக் காலரை நேராக்கினாள். நெற்றியில் புறங்கையை வைத்தாள்.

"சில்லுன்னு இருக்கு" என்றாள்.

நிரஞ்சனா அவள் தோளைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டாள். சொல்ல வேண்டியதை லிஃப்டிலேயே யோசித்து வைத்திருந்தாள். நிறுத்தி, தெளிவாக, கம்பீரமாகவே சொன்னாள். "அம்மா, நல்லாப் பாருங்க. அப்பா செத்துட்டாரு. நேத்துக் காலையில. இப்ப தகனத்துக்கு மண்டாய்க்குக் கொண்டு போகப் போறோம்."

ரத்தினம்மா தலையை ஆட்டினாள். "ஆமா. செத்துப் போச்சு."

பின்னாலேயே இறங்கி வந்து, ரத்தினம்மாவின் அலறலுக்குத் தயாராக நின்ற அத்தை நிம்மதியாக மூச்சு விட்டாள். ரஞ்சன் அக்காவை நிமிர்ந்து பார்த்தான். நிரஞ்சனாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பார்த்தாயா, நான் சொன்னேனே என்று ரஞ்சனிடம் சொல்லக்கூட வாய் வந்தது.

ரத்தினம்மா அவள் பக்கம் திரும்பினாள். மற்றவர்களுக்குக் கேட்க வேண்டாம் என்பது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இது செத்துப் போச்சு, சரி. அவரு எங்க?"

ரஞ்சன்தான் முதலில் பேசினான். "இதோ இருக்காரேம்மா."

"இதுல அவரு இல்லடா" என்றாள் ரத்தினம்மா, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல.

"சாமிகிட்ட போயிட்டாருன்னு சொல்லு" என்று பின்னாலிருந்து அத்தை கிசுகிசுத்தாள். ரஞ்சன் வாயைத் திறந்தான். பசார் என்று சொல்ல வந்திருப்பான். பெட்டியைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். எல்லோரும் நிரஞ்சனாவைப் பார்த்தார்கள். கேட்டால் பதில் சொல்கிறவள் அவள்தானே.

அவள் பெட்டிக்குள் பார்த்தாள். மூக்கு அதே மூக்கு. நேற்று முன்தினம் போனில், சனிக்கிழமை நண்டு வாங்கி வைக்கிறேன், மறக்காமல் வா என்று அதட்டின வாய். அந்த அதட்டல் இப்போது எங்கே இருக்கிறது? நேற்றிலிருந்து போன் செய்துகொண்டும் புடவை மடித்துக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் தானும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நேற்று அந்த வீட்டில் அவள் நடமாடியிருக்கிறாள்.

"தெரியலம்மா" என்றாள்.

பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பா போனதிலிருந்து அவள் அழுவது இதுதான் முதல் தடவை.

ரத்தினம்மா அலறவில்லை. அவர் வருவார் என்று வழியைப் பார்க்கவும் இல்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் அவரைத்தான் தேடுறியா?"

"ஆமாம்மா."

"எப்பலேர்ந்து?"

"நேத்துலேர்ந்து."

"ஐயோ பாவம்" என்றாள் ரத்தினம்மா. பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, மகளின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். தானும் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "நின்னுக்கிட்டே இருந்தா கால் வலிக்கும். இப்படி உக்காந்து பாரு."

இரண்டு பேரும் கார் பார்க் பக்கமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மண்டாய்க்குப் போகும் வண்டி எஞ்சின் ஓடியபடி நின்றிருந்தது. நேரமாகிவிட்டது என்று சொல்வதற்காக டிரைவர் இறங்கி வந்தார். கொஞ்ச தூரம் வந்தவர் நின்று பார்த்தார். பிறகு திரும்பிப் போய் எஞ்சினை அணைத்தார்.