பிரேக்கக்காவின் வலது கால்

அந்த டிரைவிங் ஸ்கூலில் அவளுடைய நிஜப் பெயர் யாருக்கும் நினைவில்லை. பிரேக்கக்கா என்றால்தான் தெரியும். கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்குமே, அதன் மேல் பன்னிரண்டு வருஷமாக அவள் வலது கால் அந்தரத்திலேயே நின்றது. சீட்டில் சாய்ந்துகூட உட்கார்ந்ததில்லை. மிதிக்க வேண்டியது வருஷத்துக்கு நாலு தடவை, அவள் மிதித்ததோ தெருவுக்கு நாலு தடவை.

கால் எத்தனை நாள்தான் சும்மா இருக்கும்? தொடையும் இடுப்பும் சேரும் இடத்தில், முன்பக்கம், சுருக்கென்று பிடித்துக்கொண்டது. காரில் ஏறுவதற்குத் தொடையைக் கையால் தூக்கி உள்ளே வைக்க வேண்டிய கதி. முதலாளி பார்த்துவிட்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் எதையும் நேராகச் சொல்லிவிடுவார். மூன்று மாசத்தில் சரியாகாவிட்டால் வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு அவளை ஆபீசில் உட்காரவைத்து விண்ணப்பம் நிரப்பச் சொல்லிவிடுவேன் என்றார். விண்ணப்பம் நிரப்பவா இவ்வளவு தெருவையும் சுற்றினாள்!

பிசியோதெரபிஸ்ட் ஒரு சின்னப் பெண். முழங்காலைத் தூக்கச் சொல்லி, மேலே கையை வைத்து அழுத்தினாள். பிரேக்கக்கா பல்லைக் கடித்தாள். தொடையைத் தூக்கும் தசைநார் நொந்து போயிருக்கிறது, ஒரேயடியாக ஓய்வும் கூடாது, ஒரேயடியாக வேலையும் கூடாது என்றாள் அந்தப் பெண். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை மேலே தள்ள வேண்டும், கை அதைக் கீழே அழுத்த வேண்டும், இரண்டும் அசையாமல் முப்பது எண்ண வேண்டும். ஐந்து தடவை. கொஞ்ச நாள் போனதும் பாதத்தில் ரப்பர் பட்டை மாட்டி மெதுவாகத் தூக்கி இறக்கலாம்.

ஐந்து தடவை நல்லதென்றால் ஐம்பது தடவை இன்னும் நல்லதுதானே என்று நம் ஆள் வீட்டில் ஐம்பது போட்டாள். மறுநாள் வாசல் படி ஏற முடியவில்லை.

"அக்கா, ஒரே நாள்ல அம்பது தடவ கியர் மாத்தினா உங்க ஸ்டூடண்ட் வண்டி கத்துக்குவாங்களா?" என்று கேட்டாள் பிசியோ. அதற்கப்புறம் ஒழுங்காக ஐந்துதான்.

ஆறு வாரம் போனது. காலையில் கால் தேவலை, சாயங்காலம் பழையபடி. பிசியோவுக்கே பிடிபடவில்லை. அவளுக்கும் ஒரு குறை இருந்தது, வேறொரு ஸ்கூலில் படித்து லைசென்ஸ் டெஸ்டில் மூன்று தடவை கோட்டை விட்டிருந்தாள். பிரேக்கக்காவிடமே சேர்ந்தாள். முதல் நாள், முதல் தெரு முடிவதற்குள் வண்டியை ஓரம் கட்டி, அந்தரத்தில் நின்ற அக்காவின் காலைச் சுட்டிக் காட்டினாள்.

"நான் அஞ்சு தடவ முப்பது எண்ணச் சொன்னேன். நீங்க நாள் பூரா எண்ணாமலே பண்றீங்களே."

கீழே வைத்தால் நீங்கள் யார் மேலாவது ஏற்றிவிடுவீர்கள் என்றாள் பிரேக்கக்கா.

"அதுக்கு முன்னாடி நான் மிதிப்பேன்க்கா. என்னை மிதிக்க விட்டாத்தானே."

பிரேக்கக்காவுக்குச் சுரீரென்றது. அவளிடம் படித்த பிள்ளைகள் பலரும் வகுப்பில் புலி, டெஸ்டில் பிரேக் போடப் பிந்திப்போய்க் கோட்டை விட்டவர்கள். அவர்கள் மிதிக்க வேண்டியதையெல்லாம் இவளே அல்லவா மிதித்திருக்கிறாள்! வெட்கமாக இருந்தது.

குதிகாலைத் தரையில் வைத்தாள். முதல் வாரம் நரகம். கதவுப் பிடியைப் பிடித்த பிடியில் கை சிவந்தது. ஒருநாள் முக்கில் முன்னால் நின்ற குப்பை லாரி திடீரென்று ரிவர்ஸில் வந்தது. குதிகால் அரை அங்குலம் எழும்பியது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அதைத் திரும்பத் தரையில் வைத்தாள். பிசியோ மிதித்தாள், வண்டி நின்றது. லாரிக்கும் வண்டிக்கும் நடுவே தாராளமாக இடம் இருந்தது. இருவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சாயங்கால வலி வாரத்துக்கு வாரம் குறைந்தது. ரப்பர் பட்டையும் வந்தது.

மூன்றாம் மாசக் கடைசியில் டெஸ்ட். பிசியோ பாஸ். திரும்பும்போது அவளே ஓட்டினாள். நல்ல வெயில், நேரான ரோடு. அடுத்து எந்தப் பட்டை, எத்தனை தடவை என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். பிரேக்கக்கா உம் கொட்டிக்கொண்டு, சீட்டில் கொஞ்சம் சாய்ந்தாள்.

கண் திறந்தபோது வண்டி ஸ்கூல் வாசலில் நின்றிருந்தது. ஜன்னலில் முதலாளியின் முகம். அவர் பார்த்துக்கொண்டிருந்தது அவள் காலை. இரண்டு குதிகாலும் தரையில் நிம்மதியாகக் கிடந்தன.

"குறட்டை வாசல் வரைக்கும் கேட்டுச்சும்மா," என்றார் அவர். "ஆபீசுக்கு நான் வேற ஆள் பாத்துக்கறேன். திங்கக்கிழம ஏழு மணிக்குப் புதுசா ஒருத்தர் வர்றாரு, நீங்களே பாத்துக்குங்க."

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு பிசியோ பக்கம் திரும்பினாள்.

"வழியெல்லாம் யாரு பிரேக் போட்டது?"

"நான்தான்க்கா."