அக்காவின் கைராசி

“ஆஸ்பத்திரியில சேர்றதுக்கு முன்னாடி மூணு வாரம் இடுப்பு வலி, காய்ச்சல். ஆனா யார்கிட்டயும் காட்டல. அப்படித்தானே?” என்று டாக்டர் குறிப்பேட்டைப் புரட்டியபடி கேட்டார். வீட்டுக்குக் கிளம்பத் தயாராகக் கட்டிலில் உட்கார்ந்திருந்த சின்னவள், வீட்டுப்பாடம் எழுதாமல் மாட்டிக்கொண்டவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, “ஆமா டாக்டர், என் தப்புதான்” என்றாள். இந்த ஆறு வாரத்தில் அந்தப் பொய்யை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாளோ, இப்போதெல்லாம் தங்குதடையில்லாமல் வந்தது. ஜன்னலோரம் நின்றிருந்த அக்காதான் ஒவ்வொரு தடவையும் போல முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள்.

சின்னவள் காட்டாமல் எங்கே இருந்தாள்? முதல் நாளே அக்காவிடம்தான் ஓடி வந்தாள்.

அக்கா பதினாறு வருடமாகப் பிசியோதெரபிஸ்ட். கைராசிக்காரி என்று பேர். கழுத்தைத் திருப்ப முடியாமல் வந்தவர்கள் தலையை ஆட்டி ஆட்டி நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். நாள் பூராவும் நின்றுகொண்டே முடி வெட்டுகிற தங்கை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்தபோது, படுக்கவைத்து, ஒரு காலை மடக்கி மற்ற கால்மேல் போட்டு அழுத்திப் பார்த்தாள். முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேருகிற மூட்டில் தொட்டதும் தங்கை துள்ளினாள். “இங்கதானே? நின்னு நின்னே மூட்டு பிசகியிருக்கு. பத்து நாள்ல உன்னை ஓட வைக்கிறேன் பாரு” என்றாள். இடத்தை இம்மி பிசகாமல் கண்டுபிடித்துவிட்டாள் மகராசி, காரணத்தைத்தான் கோட்டை விட்டாள். “காய்ச்சலடிக்குதுக்கா” என்றதற்கு, “மழையில நனைஞ்சா அடிக்காம கொஞ்சுமா?” என்று கேட்டாள். தோளில் வந்த கட்டியைக் கிள்ளிவிட்டதாகச் சொன்னபோது, “உன் கை சும்மா இருக்காதே” என்று சிரித்தாள். ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டாம், ஒரு தெர்மாமீட்டராவது வைத்துப் பார்த்திருக்கலாம் இல்லையா? தோன்றவே இல்லை. மூன்று வாரம் அழுத்தினாள், நீட்டினாள், மடக்கினாள். “கொஞ்சம் பொறுத்துக்கோடி” என்றாள். அக்கா சொன்னாளே என்று அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டாள்.

ஒரு நாள் காலையில் குளியலறையிலிருந்து எழுந்து வர முடியாமல் அவள் தரையிலேயே கிடந்தாள். ஸ்கேனில் மூட்டு நிறையச் சீழ். கட்டியிலிருந்த கிருமி ரத்தத்தோடு போய் மூட்டில் குடியேறி, பக்கத்துத் தசைக்குள்ளும் இறங்கியிருந்தது. ஊசி விட்டுச் சீழை எடுத்தார்கள். ரத்தமெல்லாம் கிருமி பரவி, பிழைப்பாளா மாட்டாளா என்று நான்கு நாள் எல்லோரையும் நடுங்க வைத்தாள். பிறகு கையில் குழாயோடு ஆறு வாரம் சொட்டு மருந்து.

ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றைக்கே டாக்டர், “இதுக்கு முன்னாடி யார்கிட்ட காட்டினீங்க?” என்று கேட்டபோது, உடம்பு தீயாய்க் கொதித்த நிலையிலும் சின்னவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். “யார்கிட்டயும் இல்ல.” அந்த இடத்தில் அக்கா வாயைத் திறந்திருக்க வேண்டும். நாக்கு எழவில்லை. ஒரு நாள் போனது, ஒரு வாரம் போனது, அப்புறம் திறப்பது இன்னும் கஷ்டமாகிவிட்டது. தனியாக இருந்தபோது ஒருமுறை, “ஏண்டி அப்படிச் சொன்ன?” என்று கேட்டாள்.

“தெரிஞ்சா உன்கிட்ட யாருக்கா வருவாங்க? நான் இனிமே நின்னு வேலை பார்க்கிறது சந்தேகம்தான். ரெண்டு பேரும் எதுக்கு வீட்டுல உட்காரணும்?”

அதைக் கேட்ட பிறகும் அக்கா யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. அந்த அவமானம் அவளை இரவும் பகலும் தின்றது.

இப்போது டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். “கிருமி போயிடுச்சு. ஆனா மூட்டு அரிச்சுப்போச்சும்மா. நடை ஒரு பக்கம் சாஞ்சாப்பலதான் இருக்கும். ரொம்ப நேரம் நிக்கிற வேலையை மறந்துடுங்க. முதல் வாரமே வந்திருந்தா மூட்டைக் காப்பாத்தியிருக்கலாம்.”

“நல்லா உறைக்கிற மாதிரி சொல்லுங்க டாக்டர்” என்றாள் போர்வையை மடித்துக்கொண்டிருந்த அம்மா. “இத்தனைக்கும் அக்காகாரிக்கு இதே தொழில். அவகிட்ட ஒரு வார்த்தை சொன்னாளா? அவ்வளவு திமிரு!”

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்துக் காய்ப்பேறிய கட்டைவிரலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“சொன்னாம்மா.”

“அக்கா, சும்மா இரு!”

“எங்கிட்டதான் வந்தா டாக்டர். மூணு வாரமும் நான்தான் அழுத்தினேன். காய்ச்சல்னும் சொன்னா. நான் காதுல போட்டுக்கல.”

டாக்டர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். பேனாவை எடுத்து, பழைய வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினார். ஆறு வாரமாகச் சின்னவளை ஓயாமல் திட்டிய அம்மா, மடித்த போர்வையை மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள்.

“இத்தனை நாள் எல்லார்கிட்டயும் வாங்கிக் கட்டிக்கிட்டேனே, எதுக்குக்கா?” என்றாள் சின்னவள். கட்டிலருகே இருந்த வாக்கரை இழுத்துப் பிடித்து எழுந்தாள். “யாரும் பிடிக்க வேண்டாம். நானே போயிக்கிறேன்.”

நீண்ட நடைபாதையில் அவள் இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து போனாள். அக்கா அந்த இடப்பக்கமே போய்ச் சேர்ந்துகொண்டாள். விழுந்தால் தாங்க, அவள் கை தங்கையின் இடுப்புக்குப் பின்னால் நீண்டது, ஆனால் தொடவில்லை. சின்னவள் பாதி வழியில் மூச்சு வாங்க நின்றாள். கையும் ஒரு சாண் தள்ளி அப்படியே நின்றது. அவள் திரும்பிப் பார்க்காமல் அடுத்த அடியை வைத்தாள். கையும் கூடவே போனது.