மூன்றாவது துறைமுகத்தில் இறங்குகிறவர்கள்

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவரைக் கட்டிக்கொண்டால் ஒரு தொல்லை உண்டு, கண்ணுகளா. எதையும் இரண்டு தரம் இழுத்துப் பார்க்காமல் நம்பமாட்டார். இந்த மனிதரும் அப்படித்தான். பூட்டிய பூட்டை இழுப்பார், மூடிய குழாயை இன்னொரு முறை முறுக்குவார், மனைவி தெருமுனைக் கடைக்குக் கிளம்பினால்கூட "பத்திரம்" என்பார். இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளிருந்து கத்தும்போது, வெளியிலிருந்து அவர் கொடுக்கும் முதல் குரலும் அதேதான். அதனால் வேலை செய்த இடத்தில் அவருக்குப் பேரே பத்திரம் என்று ஆகிவிட்டது.

அவர் ஓய்வு பெற்றதும் மகள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரு கப்பல் பயணம் பரிசாகக் கொடுத்தாள். இரண்டு பேரும் அதுவரை கப்பலைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. "எந்த வழியில போகணும்னு நீங்களே சொல்லுங்க" என்று மகள் நாலைந்து படங்களைக் காட்டினாள். அம்மா ஒன்றின்மேல் விரலை வைத்தவள் எடுக்கவேயில்லை. கடல் நல்ல நீலமாக இருக்கிறதே, அதில் மயங்கிவிட்டாள் என்று பத்திரம் நினைத்தார். அந்தக் கப்பல் நிற்கும் மூன்றாவது ஊரில்தான் அவளுடைய அக்கா இருக்கிறாள் என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்தது.

அக்கா என்றால் வெறும் அக்கா இல்லை. தாய் இல்லாத வீட்டில் தலை பின்னிவிட்டு, சோறு ஊட்டி, கட்டிக்கொடுக்கிற வரைக்கும் தங்கையைத் தூக்கிச் சுமந்தவள். புருஷன் போய்விட்டான், பிள்ளை இல்லை. போன மழையில் தன் வீட்டு மாடிப்படியிலேயே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தவள்தான், இன்னும் எழவில்லை. காலையில் ஒரு பெண் வந்து துடைத்துவிட்டு, தட்டை மூடி வைத்துவிட்டுப் போவாள். அதற்கப்புறம் அவளுக்குத் துணை சுவர்தான்.

பத்திரத்தை அவளுக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. "உன் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சது ஒரே வார்த்தை, அதுவும் தேய்ஞ்சு போச்சு" என்பாள். கப்பல் வருகிற சேதியைத் தங்கை சொன்னபோது அவள் சொன்னது வேறு. "அடியே, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு ஓடுறதுக்கு வராதே. வந்தா என்கூட இரு."

போன் சத்தமாகப் பேசும்படி வைத்திருந்தது. அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பத்திரத்தின் காதில் அது தெளிவாக விழுந்தது. கழுவின தட்டையே அவர் திரும்பக் கழுவினார்.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கப்பல் நிற்கிற ஒவ்வொரு ஊரிலும் என்ன பார்ப்பது என்று முன்னாடியே பதிவு செய்ய வேண்டுமாம். பழைய கோட்டை, படி அதிகம். கண்ணாடி அடித்தளம் வைத்த படகு, முழங்கால் வலிக்காரர்களுக்கும் ஏற்றது.

"இதக் கேளு" என்றார் பத்திரம், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி. "கப்பல்காரங்க பஸ்ல போனா, பஸ் லேட்டானாலும் கப்பல் நமக்காக நிக்கும். தனியா போய் லேட்டா வந்தா, டாட்டா காட்டிட்டுப் போயிடும்."

"மூணாவது ஊர்ல மட்டும் ஒண்ணும் போடாதீங்க."

"ம்" என்றார். அந்த 'ம்'மை அவள் நம்பிவிட்டாள். பாவம், இத்தனை வருஷம் அவரோடு வாழ்ந்தும் அதை மட்டும் அவள் இரண்டு தரம் இழுத்துப் பார்க்கவில்லை.

வார முடிவில் அவர் குளிக்கப் போயிருந்தபோது போனில் செய்தி வந்தது. மூன்றாவது துறைமுகம், கிளிப் பூங்கா, இரண்டு இருக்கைகள், உறுதி செய்யப்பட்டது.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தார். அவள் போனை நீட்டினாள்.

"எங்கக்கா படுத்த படுக்கையா கிடக்குறா. நான் போய்க் கிளி பாக்கணுமா?"

"தனியா போனா கப்பல் நிக்காதும்மா..."

"பாதியில நின்ன லிஃப்டையெல்லாம் ஓட வச்சவர் நீங்க. ஒரு டாக்ஸியை நேரத்துக்குத் திருப்பிக்கிட்டு வர முடியாதா?"

அவர் துண்டை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"கப்பல் நிக்குதோ இல்லையோ, அது கிடக்கட்டும். நின்னா நீ ஏறுவியா?"

'இதென்ன பேத்தல்' என்று அவள் அவர் வாயை அடைத்திருக்க வேண்டும். அடைக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேருமே அந்தப் பக்கம் போகவில்லை.

அதற்கப்புறம் வீட்டில் பேச்சு நின்றுபோனது. "சாப்பாடு இருக்கு" என்று அவள் சுவரிடம் சொல்வாள். "பசியில்ல" என்று அவர் ஜன்னலிடம் சொல்வார். கூடத்தில் பெட்டிகள் வாயைப் பிளந்து கிடந்தன. கல்யாண வீடு மாதிரி துணியும் மணியும் சிதறியிருக்க, உள்ளே இருந்தவர்களுக்கோ இழவு விழுந்த முகம். அவளுக்கு இந்தப் பக்கம் திரும்பினால் அக்கா, அந்தப் பக்கம் திரும்பினால் இவர். எந்தப் பக்கம் படுத்தாலும் விலா வலித்தது.

ஒரு மத்தியானம் பெட்டிக்கு அடியில் ஒரு சின்ன நீலப் பை அவள் கையில் தட்டுப்பட்டது. உள்ளே அவளுடைய ரத்த அழுத்த மாத்திரை, அட்டை அட்டையாக. இன்னொரு மூக்குக்கண்ணாடி. கம்பளிக் காலுறை. முழங்காலுக்குத் தேய்க்கிற எண்ணெய், சிந்தாமல் இரண்டு உறை போட்டு. பயணத்துக்கு வேண்டிய மாத்திரைதான் பெரிய பெட்டியில் இருக்கிறதே, அப்புறம் இது எதற்கு?

பத்திரம் திருப்புளியோடு உள்ளே வந்தார். பெட்டிச் சக்கரம் ஒன்று ஆடுகிறதாம்.

"இது யாருக்கு?" என்றாள். பல நாளுக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி.

"உனக்குத்தான். அங்க இருக்கிறதா இருந்தா வேணும்ல? அந்த மாத்திரை அந்த ஊர்ல கிடைக்குதோ என்னமோ." சக்கரத்தைப் பார்த்தபடியே சொன்னார். "கிளிப் பூங்காவுல உன் சீட்ட எடுத்துடச் சொல்றேன். நான் போய்ப் பாத்துட்டு வர்றேன். சாயங்காலம் கப்பல் படிகிட்ட நிப்பேன். நீ வந்தா கை குடுப்பேன்."

"வரலைன்னா?"

திருப்புளி ஆணியில் பிடிக்காமல் வழுக்கியது. "பத்திரமா இரு."



மாற்றம் செய்வதற்குக் கடைசி நாள். டிராவல்ஸ் அலுவலகத்துக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், "கிளிப் பூங்காவுல ஒரு சீட் கேன்சல், அவ்வளவுதானேம்மா?" என்றாள்.

"நடுவுல ஒரு ஊர்ல ஒரேயடியா இறங்கிக்கலாமாம்மா?" என்று கேட்டாள் அவள்.

"இறங்கலாம். முன்னாடியே கப்பல்காரங்ககிட்ட அனுமதி வாங்கணும், நான் கேட்டு வாங்கித் தர்றேன். சொல்லாம இருந்துடாதீங்க. மைக்ல பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க, பாவமா இருக்கும். மீதிப் பயணத்துக்குப் பணம் திரும்ப வராது, பரவாயில்லையா? ஒருத்தருக்குத்தானே?"

பத்திரம் வாசலில் நின்று, சரியாகச் சாத்தாத கண்ணாடிக் கதவை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

"ரெண்டு பேருக்கு" என்றாள் அவள்.

அவர் திரும்பினார். "அப்ப கிளி?"

"கிளி எங்கயும் பறந்துடாது."

"பொண்ணு குடுத்த பரிசு... அவகிட்ட யாரு சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேன். அவளும் ஒரு நாள் நம்மளப் பாக்க வரணும்ல, புரியும்."

"உங்கக்கா என்னை உள்ள விடமாட்டாங்க."

"வாசல்ல உக்காந்து கதவ இழுத்து இழுத்துப் பாருங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் அந்தப் பயம்தான். வெளியே வந்து படியில் நின்றபடி அக்காவுக்குப் போன் போட்டாள். ரெண்டு பேராக வருகிறோம் என்றாள். 

"அந்த ஆளுமா?"

"ஆமாக்கா."

"எவ்வளவு நாளைக்கு?"

"தெரியலக்கா."

"கட்டில் ஒண்ணுதான் இருக்கு."

"தரையில படுத்துக்கிறோம்."

 பிறகு பெரியவள் சொன்னாள்: "மாடிப்படிக் கைப்பிடி இன்னும் ஆடிக்கிட்டுத்தான் இருக்கு. அந்த மனுஷனும் விழுந்து வைக்கப் போறாரு. பத்திரமா வரச் சொல்லு."

அது பத்திரத்தின் காதிலும் விழுந்தது. அவர் சிரிக்கவில்லை. மனைவியின் பக்கத்தில் ஒரு படி இறங்கி வந்து நின்றார்.

"கைப்பிடி சுவர்ல ஆடுதா, கீழ ஆடுதான்னு கேளு" என்றார்.