இரண்டு லாரி செம்மண்

அந்த நிலத் தரகரை எல்லோரும் பாலிஷ் என்றுதான் கூப்பிடுவார்கள். கிணறு வற்றிய தோட்டத்தை ‘சத்தமில்லாத தோட்டம்’ என்றும், இடுகாட்டை ஒட்டிய வீட்டை ‘வம்புக்கு வராத அக்கம்பக்கம்’ என்றும் சொல்லி விற்றவர். அப்பேர்ப்பட்டவர், சொந்த மாமனாரின் மனையை மட்டும் மூன்று வருடமாக விற்க முடியாமல் விழித்துக்கொண்டிருந்தார்.

காரணம் மண். சுத்தக் களிமண். மழையில் செருப்பைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும். வெயிலில் கை நுழைகிற அளவுக்கு வாய் பிளக்கும். வீடு கட்ட வந்தவர்கள் சுற்றுச்சுவரின் வெடிப்பைப் பார்த்ததும், எதையோ மறந்துவிட்டவர்கள் போலத் திரும்பிப் போனார்கள்.

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். உங்களால முடியலேன்னா சின்ன மாப்பிள்ளைகிட்ட குடுத்துடறேன்” என்று மாமனார் கெடு வைத்துவிட்டார்.

சின்ன மாப்பிள்ளை, அதாவது பாலிஷின் சகலை, பல் டாக்டர். ஒரு பல் டாக்டர் விற்றுக் காட்டிவிட்டால் அதற்கப்புறம் தரகர் என்று சொல்லிக்கொண்டு எந்த முகத்தோடு தெருவில் நடப்பது? பாலிஷ் இரண்டு லாரி செம்மண்ணை வரவழைத்து மனை முழுக்க நாலு விரல் உயரத்துக்குப் பரப்பினார். சுவர் வெடிப்பின் மேல் ‘உங்கள் கனவு இல்லம்’ என்று ஒரு பெரிய பேனரைக் கட்டினார். வேறொரு கிரகத்தின் துண்டு வந்து விழுந்தது போல மனை சிவந்து ஜொலித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு அம்மாள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். காலில் ரப்பர் பூட்ஸ். ஸ்கூட்டரின் முன்னால் ஒரு கடப்பாரையும் இரண்டு குடங்களும்.

பாலிஷ் ஆரம்பித்தார். “மண்ணைப் பாருங்கம்மா! எப்படிப்பட்ட மழையா இருந்தாலும் அரை மணி நேரம்தான். ஒரு சொட்டு நிக்காது. சல்லடை மாதிரி கீழ இறக்கிடும்.”

“நிக்காதா?”

“நிக்கவே நிக்காதும்மா. நான் கேரண்டி.”

“அப்ப எனக்கு ஆகாதுங்க.” அந்த அம்மாள் ஸ்கூட்டர் பக்கம் திரும்பினார். “நான் தாமரையும் அல்லியும் வளர்த்து விக்கிறவ. குளம் குளமா வெட்டணும். இப்ப இருக்கிற இடம் மணல். ராத்திரி நிரப்பினா காலையில தவளை மட்டும்தான் உக்காந்திருக்கு. எனக்குக் களிமண்தான் வேணும்.”

பாலிஷ் ஸ்கூட்டருக்குக் குறுக்கே போய் நின்றார். இருபது வருடத் தொழிலில் சொல்லிப் பழகாத ஒன்றை இப்போது சொல்லியாக வேண்டும்.

“அம்மா, நில்லுங்க. இது களிமண்தான்.”

“இப்பதானே சல்லடைன்னீங்க?”

“பொய்ம்மா. இந்தச் செம்மண் நான் கொட்டினது.”

அம்மாள் சிரித்தார். “நான் களிமண்ணுன்னதும் களிமண்ணாயிடுச்சா? கள்ளிச்செடி வளர்க்கிறேன்னா பாலைவனம்னு சொல்லுவீங்க போல.”

“சத்தியமா மோசமான நிலம்மா! நம்புங்க!”

பாலிஷ் ஓடிப்போய் பேனரைக் கிழித்தார். கீழிருந்து மேல் வரை, மின்னல் மாதிரி, விரல் நுழையும் வெடிப்பு. “பாருங்க! மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். எந்தச் சுவரும் நிக்காது!” அவர் குரலில் ஒரு தகப்பனின் பெருமை வந்துவிட்டது.

“சிமெண்டு போதாம வெடிச்சிருக்கும்” என்றார் அம்மாள். கடப்பாரையை நீட்டினார். “தோண்டுங்க.”

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு பாலிஷ் தோண்டினார். நாலு விரல் செம்மண் போனதும் கடப்பாரை கறுப்புக் களிமண்ணில் இறங்கி, வெளியே வர மறுத்தது. முழங்கால் ஆழம் வந்தபோது சட்டை எந்த நிறம் என்று அவர் மனைவியே சொல்லியிருக்க முடியாது.

அம்மாள் ஒரு பிடி கறுப்பு மண்ணை ஈரமாக்கிப் பிசைந்து, பென்சில் போல உருட்டி, வளைத்து, மோதிரமாக்கினார். எங்கேயும் விரிசல் விடவில்லை. அவர் முகம் லேசாக மலர்ந்தது. ஆனாலும் விடவில்லை. பக்கத்துக் குழாயில் தண்ணீர் பிடித்து வரச் சொல்லி ஒரு குடத்தைக் குழியில் கொட்டினார்.

“முதல் குடத்தை மண்ணு குடிச்சிடும். அது சேர்த்தி இல்ல. ரெண்டாவது குடம்தான் சாட்சி.”

முதல் குடம் மெல்ல மெல்ல இறங்கி முடிந்தது. இரண்டாவதை ஊற்றி, தண்ணீர் மட்டத்தில் ஒரு குச்சியைச் சொருகிவிட்டு இருவரும் குழியோரம் உட்கார்ந்தார்கள்.

“வேற என்ன குறை இருக்கு?” என்றார் அம்மாள்.

பாலிஷ் அணை திறந்தது போலக் கொட்டினார். “மழைக்காலத்துல காரு உள்ள வந்தா வெளிய போகாது.”

“எனக்குக் காரே இல்ல.”

“கொசு.”

“மீன் விடுவேன். தின்னுடும்.”

“இந்த வேலி ஓரமா ஆறு மாசம் தண்ணி தேங்கும்மா. சின்னப் புள்ளைங்க கப்பல் விடுவாங்க.”

“அடடா” என்று அம்மாள் பெருமூச்சு விட்டார், நகைக்கடை வாசலில் நிற்பவர் போல.

ஒரு மணி நேரம் கழித்துக் குச்சியைக் குனிந்து பார்த்தார். தண்ணீர் நகரவில்லை. ஆகாயத்தில் போன மேகம் குழிக்குள்ளும் போய்க்கொண்டிருந்தது.

“வாங்கிக்கிறேன். ஆனா உங்க செம்மண்ணு பூராவையும் அள்ளிட்டுப் போயிடணும். அதுக்கப்புறம்தான் கையெழுத்து.”

“நானே அள்ளுறேம்மா!”

போன் அடித்தது. மாமனார்.

“என்ன மாப்ள, வந்தாங்களா? மண்ணைப் பத்தி ஏதும் கேட்டாங்களா?”

“கேட்டாங்க மாமா. எல்லாத்தையும் சொல்லிட்டேன்.”

“எல்லாத்தையும்னா?”

“களிமண்ணுன்னேன். தண்ணி தேங்கும்னேன். பேனரைக் கிழிச்சு வெடிப்பைக் காட்டினேன். தோண்டியும் காட்டிட்டேன் மாமா.”

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. “யோவ் மாப்ள! உமக்கு மூளை கீளை குழம்பிப் போச்சா? யாராவது போயி... அடியே, இங்க வா, உன் மாப்ள பண்ணின காரியத்தைக் கேளு!”

போனில் இருந்து வந்தது அம்மாளுக்கும் கேட்டது. “பாவங்க, வித்தாச்சுன்னு சொல்லிடுங்க” என்று கிசுகிசுத்தார்.

பாலிஷ் சேற்றுக் கையால் போனைப் பொத்திக்கொண்டார்.

“ரெண்டே ரெண்டு நிமிஷம்மா. கல்யாணமாகி பதினாலு வருஷத்துல இந்த மனுஷன்கிட்ட நான் நெஜம் பேசுறது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் அனுபவிச்சுக்கிறேன்.”