ருசி பார்க்காத கேக்

என் வீட்டுக்காரர் கேக்கே சாப்பிட மாட்டார். நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். ஊருக்கெல்லாம் கேக் செய்து கொடுக்கிறவர், எங்கள் பேக்கரியின் மாஸ்டர். வீட்டில் ஒரு துண்டை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாள் முழுக்க அந்த வாசனையிலேயே நிற்கிறவனுக்கு அது தொண்டையில் இறங்காது என்பார். அப்படிப்பட்டவருக்குச் சர்க்கரை எப்படி வந்தது என்பது எங்களுக்குப் பிடிபடவே இல்லை. அவர்கள் வீட்டுப் பரம்பரை என்று நானும், என் சமையல் என்று அவருடைய அக்காவும் ஆளுக்கொரு முடிவு கட்டி வைத்திருந்தோம்.

சர்க்கரையோடு போயிருந்தால் சமாளித்திருப்பேன். வலது கண்ணில் புரை விழுந்துவிட்டது. கேக் மேல் பெயர் எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கிரீம் பையை ஒரு அழுத்து அழுத்தினால் எழுத்து முத்து முத்தாக வந்து உட்காரும். அந்த மனிதர் ஒரு குழந்தையின் பிறந்தநாள் கேக்கில் கடைசி எழுத்தைக் கேக்குக்கு வெளியே, தட்டின் மேல் எழுதினார். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் துணியை எடுத்துத் தட்டைத் துடைத்தார்.

கண் டாக்டரம்மா கறாரான ஆள். சர்க்கரை இந்த அளவில் இருக்கும்போது கண்ணில் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். விடுமுறைக் காலம் முடிந்ததும் வாருங்கள், இறங்கியிருந்தால் ஆபரேஷனுக்குத் தேதி தருகிறேன், இல்லாவிட்டால் தள்ளிப்போடுவதைத் தவிர வழியில்லை என்றார். இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது என்று போகிற போக்கில் ஒரு குண்டையும் போட்டார். தள்ளிப்போட்டால் இனிமேல் வேறு யாராவதுதான் பெயர் எழுத வேண்டியிருக்கும்.

விடுமுறைக் காலம் என்றால் ஊருக்கு ஓய்வு, எங்களுக்கு இடுப்பு ஒடியும். பள்ளிக்கூடம் மூடினால் எங்கள் அடுப்பு மூடாது. விருந்து, ஒன்றுகூடல், அலுவலகக் கொண்டாட்டம் என்று கண்ணாடி அலமாரி நிரம்ப நிரம்பக் காலியாகும். உலகமே வாயைக் கட்டாமல் இருக்கிற நேரத்தில்தான் இவர் வாயைக் கட்ட வேண்டும்.

கட்டினார். அதையும் சொல்ல வேண்டும். விடிந்ததும் நடந்தார். சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டினார். டீயில் சர்க்கரை வேண்டாம் என்றார், முகம் சுளித்துக்கொண்டே குடித்தார். விடுமுறைக்கு வந்த அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், பெரிய டப்பா நிறைய இனிப்போடு வந்து இறங்கினார். அன்பு என்றால் அவருக்கு ஊட்டுவது. தம்பி அந்த டப்பாவைத் தொடவில்லை. நான் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன்.

பாதிக் காலத்தில் ரத்தப் பரிசோதனை செய்தோம். சர்க்கரை ஒரு துளிகூட இறங்கவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. எனக்குத் தெரியாமல் ஊட்டுவது யார் என்று யோசிக்கவே இல்லை, நேரே போய் நாத்தனாரைப் பிடித்துக்கொண்டேன். அன்பு காட்டுகிறேன் என்று தம்பியின் கண்ணைப் பிடுங்கப் பார்க்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாஸ்டரோ குழந்தை மாதிரி சத்தியம் செய்தார், வெளியே எதையும் வாயில் வைக்கவில்லை என்று. அவருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். காது சிவக்கவில்லை.

மறுநாள் கல்லாவில் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டுச் சமையற்கட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தேன். அதிக நேரம் ஆகவில்லை. மாவைக் கலக்கினார், சுண்டு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கிரீம் அடித்தார், சுண்டு விரல். பாகு காய்ச்சினார், சுண்டு விரல். கேக்கின் மேல்பகுதியைச் சமமாகச் சீவினார், சீவிய துண்டு நேரே வாய்க்குள் போயிற்று. கண் அடுப்பில், பேச்சு என்னோடு. கை தன் பாட்டுக்கு வாய்க்குப் போய் வந்துகொண்டிருந்தது.

இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன். நானும் அதைச் சாப்பாடாகப் பார்த்ததே இல்லை.

அவர் முன்னால் ஒரு கிண்ணத்தை வைத்தேன். நாக்கில் வைக்கத் தோன்றுகிறபோதெல்லாம் அதே அளவை இதில் போடுங்கள் என்றேன். வேலை நேரத்தில் என்ன விளையாட்டு என்று சிரித்தார், ஆனாலும் போட்டார். மதியம் நான் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினேன். கிரீமும் மாவும் கேக்குத் துண்டுமாகக் குவிந்து கிடந்தது. அவர் மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இது சாப்பாடு இல்லம்மா," என்றார். "இது வேலை."

"உங்க உடம்புக்கு அது தெரியலையே," என்றேன்.

சரி, ருசி பார்க்காமல் எப்படி விற்பது? வாயில் வைத்துவிட்டுத் துப்பப் பார்த்தார். துப்ப வேண்டும் என்று நினைப்பதற்குள் தொண்டை விழுங்கிவிட்டிருந்தது. பழகிய தொண்டை, அவர் பேச்சைக் கேட்கவில்லை. நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். கல்யாணமான புதிதில் அவர் செய்ததையெல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேனாம், அன்றிலிருந்து என் நாக்கை நம்புவதில்லையாம். அவரோடு ஒரே வீட்டில், ஒரே கைச் சமையலில் வளர்ந்த நாக்கு ஒன்றுதான் இருக்கிறது. அது நான் அழவைத்த நாத்தனாரிடம் இருந்தது.

போனேன். வேறு வழி? கதவைத் தட்டி, நேற்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணி என்று சொன்னேன். விஷயத்தையும் சொன்னேன். கிரீமை வாயில் வைத்துத் துப்ப முடியுமா என்று கேட்டேன்.

"நேத்து நீ பேசின பேச்சையே நான் இன்னும் விழுங்கல," என்றார் நாத்தனார். "இந்தக் கிரீமையா விழுங்கிடப் போறேன்?"

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றார். அன்றிலிருந்து சமையற்கட்டில் அவர் ராஜ்ஜியம். எலுமிச்சை தூக்கல், வெண்ணெய் போதவில்லை என்று அதட்டுவார், கொப்பளித்துத் துப்புவார். போகிற போக்கில் என் குழம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை விழும். பல்லைக் கடித்துக்கொண்டேன். மாஸ்டர் சுண்டு விரலில் துணி சுற்றிக்கொண்டார். காயமா என்று கேட்டவர்களிடம் காது சிவக்க ஆமாம் என்றார்.

விடுமுறையின் கடைசி நாள் பெரிய ஆர்டர். ஒரு மண்டபத்தில் குடும்பங்கள் ஒன்றுகூடும் விருந்துக்கு மூன்றடுக்குக் கேக். அன்று பார்த்து நாத்தனாருக்கு ஜலதோஷம். மூக்கு அடைத்து, மிளகுக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாமல் படுத்துக் கிடந்தார். வண்டி வந்து சந்தில் நின்றுவிட்டது. இந்தக் கேக் கெட்டால் பேர் கெட்டுவிடும்.

நான் கதவோரம் நின்றேன். மாஸ்டர் விரலில் இருந்த துணியை அவிழ்த்தார். கிரீமைத் தொட்டார். விரலை உயர்த்தினார். ஒரே ஒரு தடவை, ஒரு சொட்டு, அதனால் என்ன ஆகிவிடப் போகிறது என்று நானே சொல்லியிருப்பேன். வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது, கடித்துக்கொண்டேன்.

அவர் விரலைப் பார்த்தபடியே நின்றார். பிறகு ஏப்ரனில் துடைத்தார்.

"இத்தனை வருஷமா கலக்கின கை," என்றார், என்னிடமா தன்னிடமா தெரியவில்லை. "அதுக்குத் தெரியாதா?"

அவர் வாழ்க்கையில் முதல் முறையாக, ருசி பார்க்காத கேக் ஒன்று எங்கள் கடையை விட்டு வெளியே போயிற்று. அன்று மாலை வரை இருவரும் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். மண்டபத்துக்காரர் அழைத்தார். என்ன மாஸ்டர், எங்களுக்கு ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். இவர் போனை வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். ரொம்ப நேரம் கழுவினார்.

கண் டாக்டரம்மா புதுப் பரிசோதனை முடிவைப் படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார். விடுமுறையில் எல்லோரும் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள், பேக்கரிக்காரர் நீங்கள் இறக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்களே என்றார். என்னைப் பார்த்து, நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள் அம்மா என்றார். கிடைக்கிற பாராட்டை விடுகிற ஆள் இல்லை நான். ஆனாலும் அது என்னுடையது இல்லை. "நான் இல்ல டாக்டர், அவரேதான்," என்றேன். அவருடைய காது சிவந்தது, இந்தத் தடவை வெட்கத்தில்.

தேதி எழுதிய சீட்டோடு வெளியே வந்தோம். ஆஸ்பத்திரி நடைபாதைப் பெஞ்சுகளில் ஆட்கள் நிறைந்து உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் சீட்டைக் கண்ணருகில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், எழுத்து பிடிபடவில்லை. என்னிடம் நீட்டினார். நான் தேதியை வாசித்தேன், நடைபாதை முழுக்கக் கேட்கும்படி.

"இன்னொரு தடவை சொல்லு," என்றார்.

இன்னும் சத்தமாகச் சொன்னேன்.